அக்காவுக்குத் தனியா எடுத்து வைத்தது

ரெஜினாவுக்குப் பேச ஒரு காது கிடைத்தால் போதும், மூச்சு விடக்கூட நிறுத்த மாட்டாள். தாட்சாயணி போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அந்தப் பெண் சொல்வதற்கெல்லாம் 'ம்' கொட்டியபடி, சுரைக்காய் வெந்துவிட்டதா என்று கரண்டியால் நசுக்கிப் பார்த்தாள். வெந்திருந்தது. அடுப்பில் இரண்டு பாத்திரம். பெரியது அவளுக்கு, நாளைக் காலைக்கும் சேர்த்து. சின்னது, ஒரு பக்கம் பிடி போன எவர்சில்வர் பாத்திரம், அக்காவுக்கு. பருப்பும் சுரைக்காயும் ஒன்றாக வெந்ததும் அக்கா பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் பெரியதில் மிளகாய்த்தூள் விழும். அக்காவுக்கு வயிற்றில் புண். ஆறு மாதமாக இந்த வீட்டில் இதுதான் சட்டம். சட்டம் போட்டவளே தாட்சாயணிதான். "மேடம், நாளைக்கு முதல் ஆள் காலையிலயே வந்துடுவாங்க, மிளகாய்த்தூள் ஒரு கிலோ வாங்கி டப்பால கொட்டியாச்சு, தும்மித் தும்மி உசுரே போச்சு, தராசுக்கு பேட்டரி மாத்திட்டேன், பேப்பர் கப்புதான் தொளதொளன்னு இருக்கு..." "ரெண்டு கப்பாச் சேர்த்து வச்சுக்கம்மா" என்று இவள் சொல்லும்போதே ஒரு நெடி மூக்கில் ஏறியது. குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கை சின்னப் பாத்திரத்துக்கு மேலே இருந்தது. கையில் ஸ்பூன். ஸ்பூன் காலி. வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டிய கூட்டின் நடுவில் சிவப்பாக ஒரு குவியல் கிடந்து, ஓரத்தில் ஈரம் ஏறி, மெள்ள இறங்கிக்கொண்டிருந்தது.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?" "அப்புறம் கூப்பிடுறேன்." போனை மேடையில் கவிழ்த்து வைத்தாள். ஐயோ, கை தவறிடுச்சு. பேச்சு மும்முரத்தில் மாற்றிப் போட்டாச்சு, அவ்வளவுதான், கொட்டிவிட்டு வேறு வைத்தால் ஆயிற்று, இதற்குப் போய் நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது? அடித்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. கை தவறவில்லை. பாட்டில் மூடியைத் திருகித் திறந்திருக்கிறது. ஸ்பூனை உள்ளே விட்டு எடுத்து, பாட்டில் விளிம்பில் தட்டிச் சமன் செய்திருக்கிறது. விளிம்பில் புதிதாக ஒரு சிவப்புக் கோடு. தவறுகிற கை இத்தனை பொறுமையாகத் தட்டுமா? அப்புறம் பக்கத்திலிருந்த பெரிய பாத்திரத்தைத் தாண்டி, எட்டி, உள்ளடுப்பில் இருக்கிற சின்னதற்குப் போயிருக்கிறது. தாண்டிப் போயிருக்கிறதே, படுபாவிக் கை! போவதற்கு முன்னால் மூடியைக்கூடத் திரும்பப் போட்டிருக்கிறது. தாட்சாயணி அந்த மூடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய வாய் இதே நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தது? பேப்பர் கப்புக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தது.

மனோதத்துவத் துறையில் பதினெட்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறவள் அவள். வெறுப்பை எப்படி அளப்பது என்பதுதான் ரெஜினாவின் ஆராய்ச்சி, வழிகாட்டி தாட்சாயணி. முதலில் எல்லாரையும் போல இவர்களும் கேள்வித்தாள்தான் கொடுத்தார்கள். உங்களுக்கு யார்மீதாவது வெறுப்பு உண்டா, ஒன்றிலிருந்து ஏழு வரை ஒரு எண்ணை வட்டமிடவும். வந்தவர்களெல்லாம் ஒன்றிலேயே வட்டம் போட்டார்கள். ஒரு தாலுகா ஆபீஸ் கிளார்க், "எனக்கு எதிரின்னு யாருமே இல்லீங்க, அவனுக நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார், அந்த 'அவனுக' யார் என்று கேட்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. புருவத்துக்கு நடுவில் ஒயர் ஒட்டிப் பார்க்கலாம், பிடிக்காத முகத்தைத் திரையில் காட்டினால் அந்த ஆளுக்கே தெரியுமுன்னால் தசை சுருங்கும் என்பார்கள்; அதற்கு மெஷின் வேண்டும், துறையில் மின்விசிறிக்கே நாதி இல்லை. கடைசியில் மிளகாய்த்தூளுக்கு வந்தார்கள். பக்கத்து அறையில் ஒருவர் இருக்கிறார், அவருக்குக் காரம் ஆகவே ஆகாது, ஆனால் நீங்கள் கொடுப்பதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாக வேண்டும், இந்தக் கப்பில் எவ்வளவு வேண்டுமோ போடுங்கள். போடும்போது நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் சூட்சுமம். வாய்க்கு வேலை கொடுத்துவிட்டால் கை தன் மனசில் இருப்பதைச் செய்துவிடும். பக்கத்து அறையில் ஆள் கிடையாது, கப்பு நேராகத் தராசுக்குத்தான் போகும். இன்றைக்கு மத்தியானம் ஒத்திகைக்கு இவளே உட்கார்ந்தாள். பதவி உயர்வுக் கடுதாசியை இரண்டு வருஷம் மேஜைக்கடியில் போட்டு உட்கார்ந்திருந்த துறைத் தலைவர் சௌந்தரராஜனை மனசில் நிறுத்திக்கொண்டு, தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று சொல்லிக்கொண்டே போட்டாள். தராசில் எண்ணே மாறாத அளவுக்குக் கொஞ்சம். "மேடம், உங்களுக்கு வெறுக்கவே வராது போல!" என்று ரெஜினா சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஏதோ பட்டயம் வாங்கின மாதிரி பஸ்ஸில் வீடு வரைக்கும் கொண்டுவந்தாளே! வழியெல்லாம் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. பெரிய ஞானி என்று நினைப்பு.

இன்றைக்கு மட்டும்தானா? இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டதும் போன சனிக்கிழமை வந்து நின்றது. நெய்வேலியில் வேலை பார்க்கிற கணவர் கதிரேசன் வாரக் கடைசிக்கு வந்திருந்தார். அவசரத்தில் சின்னப் பாத்திரத்திலிருந்து போட்டுக்கொண்டு, "அக்கா கொழம்பும் நல்லாத்தானேடி உறைக்குது" என்றார். "மாத்தி எடுத்திருப்பீங்க, தட்டுல ஏற்கெனவே இருந்தது கலந்திருக்கும்" என்று வாய் கூசாமல் சொன்னாளே. பொய்யாகச் சொல்லவில்லை, நம்பினாள். நம்பித்தான் சொன்னாள். அதுதான் பயமாக இருக்கிறது. தெரிந்து செய்தால் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, திட்டலாம், தண்டிக்கலாம். பாத்திரம் தேய்க்கும்போது சின்னதின் விளிம்பில் சிவப்பாக எண்ணெய் வட்டம் இருக்குமே, பெரியதன் கரண்டியை இதில் வைத்துவிட்டோம் என்று எத்தனை நாள் கழுவியிருக்கிறாள். மிளகாய்த்தூள் சீக்கிரம் தீர்ந்தபோது கடைக்காரன் அளவில் ஏமாற்றுகிறான் என்று அவனிடம் சண்டைக்குப் போயிருக்கிறாள். பாவம் அந்த மனுஷன், "எங்க கடையில அப்படியெல்லாம் இல்லக்கா" என்று தராசில் கைவைத்துச் சத்தியம் செய்தார். அக்கா இப்போதெல்லாம் சாப்பாட்டுக்கு நடுவில் இரண்டு தம்ளர் மோர் குடிக்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். கண்புரையாக இருக்கும், டாக்டரிடம் காட்டணும் என்று தாட்சாயணி நினைத்துக்கொண்டது எந்த மாதம்? தீபாவளிக்கு முன்னாலா? அப்படியானால் தீபாவளிக்கு முன்னாலிருந்தே.

டாக்டர் போன வாரம் தலையைச் சொறிந்தார். மாத்திரை சரியாகத்தான் கொடுத்திருக்கிறார், புண் ஆறின பாடில்லை, அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் (அது நாளைக்குத்தான்) வெறும் வயிற்றோடு வாங்க, குழாய் விட்டுப் பார்த்துவிடலாம், ஓட்டை விழுகிற மாதிரி இருந்தால் ஆபரேஷன்தான், இந்த வயசில் அதை உடம்பு தாங்குமா என்பதையும் யோசிக்கணும். "காரம் ஏதாவது தொடுறீங்களா?" என்று கேட்டார். "தொடவே இல்ல டாக்டர். எந்தங்கச்சி எனக்குன்னு தனியா எடுத்து வச்சுல்ல ஆக்குறா" என்றாள் அக்கா. சொல்லும்போது டாக்டரைப் பார்க்கவில்லை, தங்கச்சியைப் பார்த்தாள். தாட்சாயணிக்குப் பெருமையாக இருந்தது. ஐயோ, அந்த இடத்தில் பெருமைப்பட்டு அடக்கமாகப் புன்னகை வேறு செய்தாள், டாக்டர்கூட, "இந்தக் காலத்துல இப்படி ஒரு தங்கச்சியா" என்றார். அடுப்பை அணைத்தாள். அணைத்த பிறகும் சின்னப் பாத்திரம் கொஞ்ச நேரம் கொதித்தது.

ஆனால் அக்காவையா? மங்கையர்க்கரசியையா? உலகத்தில் யாரை வேண்டுமானாலும் சொல்லுங்கள், அக்காவையா? அப்பா போனபோது தாட்சாயணிக்கு எட்டு வயசு, அக்காவுக்குப் பத்தொன்பது. நர்ஸ் படிப்பை முடித்து ரியாத்துக்குப் போனவள் கல்யாணம், காட்சி எதுவும் பண்ணிக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம், காலேஜ், பிஎச்.டி., கல்யாணம், இந்த உறையூர் வீடு, எல்லாம் அக்கா. ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் 'என் அக்காவுக்கு' என்று போட்டாள். வாய்மொழித் தேர்வன்று அக்கா லட்டு டப்பாவோடு வந்து நின்றபோது எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். அக்காவுக்குத்தான் தட்டினார்கள். அப்போது தாட்சாயணியும் தட்டினாள், உள்ளங்கை வலிக்க. வருஷா வருஷம் ஜூன் மாதம் ரியாத்திலிருந்து ஷூ வரும். ஒவ்வொரு தடவையும் ஒரு சைஸ் பெரிசு. வளர்கிற பிள்ளையாம். நுனியில் பஞ்சை அடைத்துக்கொண்டு டக்டக்கென்று பள்ளிக்கூடம் போவாள், பின்பெஞ்சுப் பெண்கள் வாத்து என்று கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு போனில் அக்கா வருவாள். "ஷூ சரியா இருக்கா பாப்பா?" அம்மா பக்கத்தில் நின்று கண்ணாலேயே மிரட்டுவாள், உனக்காக அவள் அங்கே வெயிலில் காய்கிறாள், வாயைத் திறந்து குறை சொன்னாயோ! "சரியா இருக்குக்கா." அடுத்த ஜூனிலும் சரியாக இருந்தது. அதற்கடுத்த ஜூனிலும். குதிகாலில் கொப்புளம் உடைந்து சாக்ஸோடு ஒட்டிக்கொண்ட அன்றைக்கும் சரியா இருக்குக்கா. எந்தப் பாடம் எடுக்கிறது, எந்த மாப்பிள்ளை, சுவருக்கு என்ன பெயின்ட், எல்லாம் சரியா இருக்குக்கா. ஒரே ஒரு தடவை கடிக்குது என்று சொல்லியிருந்தால் அக்கா அடித்திருப்பாளா என்ன? சின்ன சைஸ் அனுப்பியிருப்பாள். அவ்வளவுதானே! சொல்லாமல் போனது ஆத்திரமாக இருக்கிறது, அவள் அனுப்பியிருப்பாள் என்பதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. ஒரு குற்றம் இல்லையே அவளிடம், பிடித்துத் தொங்க ஒரு ஆணி இல்லையே! இவளுடைய நாற்பத்தாறு வயசில், ரெஜினா இங்கே சாப்பிட வந்திருந்தபோது, அவளிடம், "பாப்பாவுக்கு தயிர் போடாதம்மா, சளி பிடிக்கும்" என்றாளே.

இப்போது தெரிந்துவிட்டது. வெறுக்கிறாள். மிளகாய்ப் பாட்டிலுக்கு முன்னால் நின்றுகொண்டு அந்த வார்த்தையை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள், நான் அக்காவை வெறுக்கிறேன், இடி ஒன்றும் விழவில்லை, ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்: கோபம் செய்த காரியத்தின் மேல் வருவது, வெறுப்பு ஆளின் மேல் வருவது. கோபப்படுகிறவர் எதிராளி மாறணும் என்று நினைப்பார், வெறுக்கிறவர் எதிராளி இல்லாமல் போகணும் என்று நினைப்பார். நோட்ஸ் எடுத்துக்குங்க, பரீட்சைக்கு வரும். இல்லாமல் போகணும். சீச்சீ, அப்படியெல்லாம் இல்லை, ஒருநாளும் நினைத்ததில்லை... போன மாதம் அக்கா கோயிலுக்குப் போயிருந்தபோது அவள் அறையில் டேப் வைத்துச் சுவரை அளந்தாளே, அது எதற்கு? புத்தக அலமாரிக்கு. வீட்டில் புத்தகம் வைக்க இடமில்லை, அந்தச் சுவருக்குச் சரியாக வரும் என்று தோன்றியது. அக்காவின் கட்டில் அந்தச் சுவரோரம்தான் கிடக்கிறது. கட்டிலை எங்கே போடுவது என்று அன்றைக்கு யோசிக்கவே இல்லை. அளந்தாள், சரியாக இருந்தது, டேப்பைச் சுருட்டி டிராயரில் போட்டுவிட்டுக் காபி போடப் போனாள். தாட்சாயணி மேடையைப் பிடித்துக்கொண்டாள். தான் யார் வீட்டுச் சமையலறையில் நிற்கிறோம் என்றே ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. இரண்டு பாத்திரத்தில் சமைக்கிற இந்தப் பொம்பளை யார்? கூடத்தில் சாப்பாட்டுக்குக் காத்துக்கொண்டு ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாளே, அவளிடம் யாராவது போய்ச் சொல்ல வேண்டாமா, அம்மா, ஓடிப் போயிடுங்க என்று?

"பாப்பா, ஆச்சா? ஏழரைக்குள்ள சாப்பிடச் சொல்லியிருக்காரு டாக்டர், அப்புறம் பச்சத்தண்ணி கூடக் கூடாது" என்று கூடத்திலிருந்து அக்காவின் குரல். "தோ வந்துட்டேங்க்கா" என்றது தாட்சாயணியின் வாய், வாய்க்கென்ன, அது எப்போதும் போல இனிக்க இனிக்கச் சொல்லும். சின்னப் பாத்திரத்தைத் தூக்கித் தொட்டியில் கவிழ்த்தாள். குழாயைத் திறந்தாள். சிவப்பு, மஞ்சள், சுரைக்காய்த் துண்டுகள் ஓட்டையில் அடைத்துக்கொண்டன, கையால் வாரி எடுத்தாள், விரல் இடுக்கில் எரிந்தது. இந்த எரிச்சல் வயிற்றுப் புண்ணில் பட்டால்? தினம் இரண்டு வேளை பட்டால்? பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தாள், சோப்புப் போட்டுத் தேய்த்தாள், முகர்ந்து பார்த்தாள், மறுபடி தேய்த்தாள். பெரிய பாத்திரத்தில் இன்னும் காரம் விழவில்லை. அதிலிருந்து இரண்டு கரண்டி எடுத்து ஊற்றி, சீரகமும் ஒரு சொட்டு நெய்யும் தாளித்தாள். இதுதான் ஆறு மாதமாக அக்கா சாப்பிட்டிருக்க வேண்டிய கூட்டு. நல்ல வாசனை. குழந்தைக்கு ஊட்டலாம். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இத்தனை நாள் காரமாகச் சாப்பிட்டவளுக்கு இன்றைக்குத் திடீரென்று சப்பென்று இருந்தால் தெரிந்துவிடாதா? நேற்று ஏன் உறைத்தது என்று கேட்டால்? நாளைக்கு அந்த டாக்டர் முன்னால் வைத்துச் சொன்னால்? ஒரு சிட்டிகை போட்டுவிடலாம். ஒரே ஒரு சிட்டிகை. நாளைக்கு அதில் பாதி, அப்புறம் அதிலும் பாதி, மாத்திரையைக் குறைக்கிற மாதிரி படிப்படியாக நிறுத்திக்கொண்டால் ஒருத்தருக்கும் தெரியாது. தாட்சாயணி பாட்டிலைத் தொட்டுவிட்டாள். இந்தத் தடவை பேச்சு இல்லை, போன் இல்லை, ஏழேழாகக் கழிக்கவில்லை. முழு நினைவோடு, தான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, ரணமான வயிற்றுக்கு விஷத்தை அளந்து கொடுக்கக் கணக்குப் போடுகிறாள். சுட்டுக்கொண்டது போலக் கையை இழுத்துக்கொண்டாள். அடிப்பாவி, அடிப்பாவி என்று தன்னையே திட்டி முணுமுணுத்தபடி பாட்டிலைக் குப்பைக்கூடையில் போட்டாள். தனக்கும் காரம் வேண்டாம்.

அக்கா மேஜை முன்னால் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு தம்ளர் மோர் தயாராகப் பக்கத்தில். எப்போதும் இவள் சாதம் போடுமுன்னாலேயே அக்கா மோரை ஊற்றி வைத்துக்கொண்டுவிடுவாள் என்பதைத் தாட்சாயணி இன்றைக்குத்தான் பார்த்தாள். குழைந்த சாதத்தைப் போட்டாள், கூட்டை ஊற்றினாள். கரண்டி தட்டில் பட்டுச் சத்தம் போட்டது. சொல்லிவிடலாமா? அக்கா, நான்தான், தெரியாமல், தெரிந்து, என்னவென்று சொல்வது? அழுதால் அக்கா எழுந்து வந்து தலையைத் தடவுவாள், மன்னித்துவிடுவாள், அதையும் இவள் ஒரு சைஸ் பெரிதாக வாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ராத்திரியும் இந்த இடத்தில், "காரம் கீரம் இல்லையேக்கா?" என்று கேட்பாள். கேட்பதுகூடப் பழக்கம், எந்த மூஞ்சியோடு கேட்டாள் இத்தனை நாள்! "சரியா இருக்கு பாப்பா" என்பாள் அக்கா. தினமும் அதே பதில், அதே குரல். அந்தக் குரல்... தாட்சாயணிக்கு ஏதோ உறைத்தது, எதிர்வீட்டு போனில் தான் சொன்ன குரல் அது. ஆராய்ச்சியில் கப்பில் போடுகிறவர்களை அளந்தார்களே தவிர, சாப்பிடுகிறவர்களுக்குப் பக்கத்து அறையில் ஒரு நாற்காலிகூடப் போடவில்லை. இன்றைக்கு அவளால் கேட்க முடியவில்லை.

அக்கா பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மெல்லுவது நின்றது. இன்னொரு வாய் எடுத்து, மெதுவாக, நாக்கில் வைத்துத் தேடுகிற மாதிரி சாப்பிட்டாள். மோர்த் தம்ளருக்குப் போன கை பாதியில் திரும்பி வந்தது. அப்புறம் நிமிர்ந்து தங்கச்சியைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை, கோபம் இல்லை, டாக்டர் அறையில் பார்த்த அதே பார்வை.

"காரமே இல்லையே பாப்பா" என்றாள். "இத்தனை நாள் உறைச்சுதுன்னு யாரு சொன்னா உனக்கு?"

கரண்டியிலிருந்து கூட்டு சொட்டி மேஜையில் விழுந்துகொண்டிருந்தது. யாரும் சொல்லலக்கா என்று சொல்லத் தாட்சாயணி வாயைத் திறந்தாள், வரவில்லை. எப்பலேர்ந்துக்கா தெரியும் என்று கேட்கத் திறந்தாள், வரவில்லை. தெரிஞ்சே ஏன் சாப்பிட்டே?

அக்கா தட்டைப் பார்த்துக் குனிந்து அடுத்த வாய் பிசைந்தாள். "நின்னுக்கிட்டே இருக்கியே, உக்காரு. உனக்கும் ஒரு தட்டு எடுத்துக்க."